வால்வு கசிவை நெஞ்சைத் திறக்காமல் சரிசெய்த பிறகு: நோயாளிகளும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

இதய வால்வு கசிகிறது, நெஞ்சைத் திறக்காமலே சரிசெய்துவிடலாம் என்று மருத்துவர் சொன்ன அன்று வீட்டில் ஒரு நிம்மதி வரும். மறுநாள் காலையிலேயே கேள்விகள் ஆரம்பித்துவிடும். செய்தபிறகு எப்படி இருப்பார்? எத்தனை நாள் தாங்கும்? மறுபடி கசியுமா? நான் எக்கோ (ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் பரிசோதனை) அறையில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். சிகிச்சைக்கு முன்பு இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து எக்கோ எடுத்த அதே நோயாளிக்கு, சிகிச்சைக்குப் பிறகும் எடுக்கிறேன். அந்த அறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான். அவரிடம் எதைக் கேட்கவேண்டும் என்பதற்கு இது உதவும்.

நெஞ்சைத் திறக்காமல் என்றால் சரியாக என்ன செய்கிறார்கள்?

இரண்டு வேறு சிகிச்சைகளை ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலாவது சாவித்துளை அறுவை சிகிச்சை. நடு மார்பெலும்பை அறுக்காமல், வலப்பக்க விலா எலும்புகளுக்கு இடையே சிறிதாகக் கீறி, நீளமான கருவிகளை உள்ளே விட்டு வால்வைத் தைத்து, சுற்றிலும் ஒரு வளையம் பொருத்துவார்கள். வெளியே தெரியும் கீறல்தான் சிறியது. இதயத்தைச் சற்று நேரம் நிறுத்துவதும், அந்த நேரத்தில் இதய-நுரையீரல் இயந்திரம் ரத்தத்தை ஓட்டுவதும் இதிலும் உண்டு. எனவே இது முழுமையான அறுவை சிகிச்சைதான்.

இரண்டாவது கிளிப். தொடை இடுக்கில் உள்ள சிரை வழியாக (பேச்சில் நரம்பு என்போம்) ஒரு குழாயை மேலே ஏற்றி, இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கும் நடுவில் உள்ள சுவரில் சிறு துளை போட்டு இடப்பக்கம் போவார்கள். அங்கிருந்து இறங்கி, மைட்ரல் வால்வின் (இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள வால்வு) இரண்டு இதழ்களையும் கசிகிற இடத்தில் சேர்த்துப் பிடித்துக் கிளிப் போடுவார்கள். இதயம் முழு நேரமும் துடித்துக்கொண்டேதான் இருக்கும்.

இந்த யோசனை ஒரு தையலிலிருந்து வந்தது. 1991ல் இத்தாலியின் மிலான் நகரில் ஒட்டாவியோ அல்ஃபியேரி என்ற அறுவை நிபுணர், இரண்டு இதழ்களின் ஓரங்களையும் நடுவில் ஒரே இடத்தில் சேர்த்துத் தைத்தார். ஒரு வாசல் இரண்டு சிறு வாசல்களானது. ரத்தம் முன்னோக்கிப் போக வழி இருந்தது, பின்னோக்கிக் கசிவது நின்றது. அந்தத் தையல் செய்த வேலையைக் குழாய் வழியாகச் செய்வதுதான் கிளிப். மைட்ராகிளிப் என்ற கருவி 2003ல் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. இப்போது பாஸ்கல் என்ற இன்னொரு கருவியும் அதே முறையில் பயன்படுகிறது.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்றார்கள். அதற்கு என்ன பொருள்?

நான் எல்லோரையும் நிறுத்தி யோசிக்கச் சொல்லும் கேள்வி இது. நல்லபடியாக முடிந்தது என்ற ஒரே சொல்லில் மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன: கசிவு எவ்வளவு குறைந்தது, உங்களுக்கு எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது, ஆயுள் கூடுமா. மூன்றும் சேர்ந்தே வரும் என்று நினைத்துவிடக் கூடாது. கிளிப் சரியாக உட்கார்ந்தும் களைப்பு போகாதவர்கள் இருக்கிறார்கள். கசிவு கொஞ்சம் மிச்சம் இருந்தும் வருடக் கணக்கில் நிம்மதியாக நடமாடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆனாலும் மூன்றில் முதலாவதைத்தான் நான் அதிகம் நம்புவேன். காரணம் இருக்கிறது. வால்வு இதழே பழுதடைந்து கசிந்தவர்களில், கிளிப் போட்ட 19,088 பேரின் விவரங்களை அமெரிக்கத் தேசியப் பதிவேட்டிலிருந்து எடுத்து 2023ல் வெளியிட்டார்கள். அவர்களின் நடு வயது 82. கசிவு மிதமான அளவுக்கோ அதற்குக் கீழோ வந்து, வால்வு அதிகம் குறுகாமலும் இருந்தால் அதை வெற்றி என்று கணக்கிட்டார்கள். 88.9 சதவீதம் பேருக்கு அப்படி அமைந்தது. அந்த வெற்றி கிடைத்தவர்களில் ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 14 சதவீதம், கிடைக்காதவர்களில் 26.7 சதவீதம். இதய பலவீனத்தால் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வதும் ஏறக்குறைய பாதியாக இருந்தது. கசிவு குறையாமல் போனவர்கள் தொடக்கத்திலேயே மோசமான நிலையில் இருந்திருக்கலாம் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்கவேண்டும். அப்படிப் பார்த்தாலும் எவ்வளவு கசிவு மிச்சம் என்பது வெறும் தொழில்நுட்பக் குறிப்பு இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் தேடிப் படிக்கவேண்டிய வரி அது.

சிகிச்சை நடக்கும்போதே கசிவு குறைந்தது தெரியுமா?

தெரியும். தொண்டை வழியாக விட்ட எக்கோ கருவி இதயத்தின் முதுகுப் பக்கத்திலிருந்து வால்வைக் காட்டிக்கொண்டே இருக்கும். கசிவு திரையில் பல நிறம் கலந்த ஒரு பீச்சலாகத் தெரியும்; ஒவ்வொரு துடிப்புக்கும் மேலறைக்குள் பாய்ந்து, சில சமயம் சுவரை ஒட்டிச் சுழலும். கிளிப்பின் இரண்டு கைகளும் விரிந்து இதழ்களுக்கு அடியில் காத்திருக்கும். இரண்டு இதழ்களும் கைகளின்மேல் வந்து படியும் அந்தத் துடிப்பில் மூடுவார்கள். சரியாகப் பிடித்தால் அடுத்த சில துடிப்புகளிலேயே அந்தப் பீச்சல் ஒல்லியாகிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனசு நிறையும் காட்சி அது.

பிடித்த இடம் சரியில்லை என்றால் கிளிப்பைத் திறந்து மறுபடி பிடிக்கலாம். கழற்றிவிடும் வரை அது குழாயின் பிடியில்தான் இருக்கும். ஒன்று போதாவிட்டால் இரண்டாவது, சிலருக்கு மூன்றாவதும் போடுவார்கள்.

எந்த வகைக் கசிவு என்று கேட்கச் சொல்கிறார்கள். அது ஏன் முக்கியம்?

பின்விளைவுகளைத் தீர்மானிப்பதே அதுதான் என்பேன்.

கதவு மூடவில்லை என்று வையுங்கள். கதவே உளுத்து வளைந்திருக்கலாம்; அல்லது கதவு நன்றாக இருந்து, சுவர் நகர்ந்து நிலை அகன்றிருக்கலாம். வால்வு இதழ் தளர்ந்து மேலே புடைத்துக்கொள்வதும், இதழைத் தாங்கும் நாண் அறுந்துபோவதும் முதல் வகை. இங்கே நோய் வால்வில் இருக்கிறது. மாரடைப்பாலோ தசை பலவீனத்தாலோ இதயம் விரிந்து, இதழ்கள் ஒன்றையொன்று எட்டாமல் போவது இரண்டாம் வகை. இங்கே நோய் இதயத் தசையில். கசிவு அதன் விளைவு.

முதல் வகையில் கசிவை நிறுத்தினால் பெரும்பாலும் பிரச்சினையின் வேரையே தொட்டுவிடுகிறோம். இரண்டாம் வகையில் கசிவை நிறுத்திய பிறகும் பலவீனமான தசை அப்படியே இருக்கும். ஒரே கிளிப், ஒரே மருத்துவர், ஒரே நாள் என்றாலும் இந்த இருவரின் அடுத்த ஐந்து வருடங்கள் வேறு வேறு. பக்கத்துப் படுக்கைக்காரரோடு ஒப்பிட்டு மனம் உடைந்துபோகிறவர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இதழ் பழுதுக்குக் கிளிப்பா, அறுவை சிகிச்சையா? எது நல்லது?

அறுவை சிகிச்சை தாங்கும் உடல்நிலையில் இருப்பவருக்கு, இதழ் பழுது என்றால், கைதேர்ந்த நிபுணர் தைத்துச் சரிசெய்வதே இன்னும் முதல் தேர்வு. வயது, சிறுநீரகம், நுரையீரல், முன்பு செய்த பைபாஸ் போன்ற காரணங்களால் அறுவை ஆபத்து என்றாகும்போது கிளிப் முன்னுக்கு வருகிறது. அமெரிக்காவில் 2013ல் அதற்கு அனுமதி கிடைத்ததும் அப்படிப்பட்டவர்களுக்குத்தான்.

இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட எவரெஸ்ட் 2 என்ற ஆய்வு 2011ல் வெளிவந்தது. 279 பேர். முதல் 30 நாட்களில் பெரிய பாதிப்புகள் கிளிப் போட்டவர்களில் 15 சதவீதம், அறுவை செய்தவர்களில் 48 சதவீதம். இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி ரத்தம் ஏற்றவேண்டி வந்ததால் வந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஒரு வருட முடிவில் இறப்பு இரு பக்கமும் 6 சதவீதம். ஆனால் வால்வுக்காக மறுபடி அறுவைக்குப் போகவேண்டியிருந்தவர்கள் கிளிப் பக்கம் 20 சதவீதம், அறுவைப் பக்கம் 2 சதவீதம். ஆக, கிளிப் மென்மையானது, அறுவை உறுதியானது.

அந்த ஆய்வின் ஐந்து வருடக் கணக்கில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. கிளிப் போட்டு மறு அறுவை தேவைப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அது தொடக்க மாதங்களிலேயே தேவைப்பட்டுவிட்டது. அந்தக் காலத்தைத் தாண்டியவர்களுக்குப் பிடிமானம் நிலைத்தது. தவிர அன்றைய கிளிப் முதல் தலைமுறை, அதைப் போட்ட மருத்துவர்களும் அனுபவத்துக்குப் புதியவர்கள்.

இதயம் பலவீனமானதால் வந்த கசிவு. கிளிப் போட்டால் ஆயுள் கூடுமா?

2018ல் இதே கேள்விக்கு இரண்டு ஆய்வுகள் சில வார இடைவெளியில் நேரெதிர் பதில் சொன்னதுபோல் தோன்றியது.

பிரான்சில் நடந்த மித்ரா எஃப்ஆர் ஆய்வில் 304 பேர். ஒரு வருடத்தில் இறப்போ, இதய பலவீனத்துக்காக ஆஸ்பத்திரிச் சேர்க்கையோ நேர்ந்தவர்கள் கிளிப்போடு 54.6 சதவீதம், மாத்திரை மட்டும் என்றால் 51.3 சதவீதம். பலன் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த கோஆப்ட் ஆய்வில் 614 பேர். இரண்டு வருடத்தில் கிளிப் போட்டவர்களில் இறந்தவர்கள் 29.1 சதவீதம், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 46.1 சதவீதம். ஆஸ்பத்திரிச் சேர்க்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

நோயாளிகளைப் பார்த்தால் முரண்பாடு விளங்கும். பிரெஞ்சு ஆய்வில் சேர்ந்தவர்களின் இதயம் இன்னும் அதிகம் விரிந்திருந்தது. அதற்கு ஒப்பிட்டால் கசிவு சிறியது. அதாவது அவர்களுடைய தொல்லைக்குக் கசிவு முக்கியக் காரணம் அல்ல. கோஆப்டில் கசியும் துளை சராசரியாகப் பெரியது, இதயமோ அவ்வளவு விரிந்துபோகவில்லை. அதோடு, மாத்திரைகளை உச்ச அளவுக்குக் கொண்டுபோன பிறகும் கசிவு குறையாதவர்களையே சேர்த்தார்கள். இந்த ஆய்வை வைத்துத்தான் 2019ல் அமெரிக்காவில் இந்த வகைக் கசிவுக்கும் கிளிப் அனுமதிக்கப்பட்டது.

2024ல் வந்த ரீஷேப் ஆய்வு 505 பேரை எடுத்துக்கொண்டது. இவர்களுக்குக் கசிவு கோஆப்ட் அளவுக்குப் பெரிதில்லை. ஆஸ்பத்திரிச் சேர்க்கை குறைந்தது, அன்றாட வாழ்வின் சௌகரியம் தெளிவாகக் கூடியது. அதே வருடம் வந்த மேட்டர்ஹார்ன் ஆய்வு, இந்த வகைக் கசிவில் கிளிப்பையும் அறுவையையும் 210 பேரில் ஒப்பிட்டது. ஒரு வருடத்தில் கிளிப் அறுவைக்குச் சளைக்கவில்லை. முதல் மாதப் பெரும் பாதிப்புகளோ கிளிப் பக்கம் 14.9 சதவீதம், அறுவைப் பக்கம் 54.8 சதவீதம்.

ஐந்து வருடம் கழித்தும் அப்படியே இருக்குமா?

கோஆப்ட் நோயாளிகளை ஐந்து வருடம் பின்தொடர்ந்தார்கள். கிளிப் போட்டவர்களில் 57.3 சதவீதம் பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். மாத்திரைப் பக்கம் 67.2 சதவீதம். மாத்திரைப் பக்கம் இருந்தவர்களுக்கும் இரண்டு வருடத்துக்குப் பிறகு கிளிப் போட்டுக்கொள்ள அனுமதி இருந்தது, சிலர் போட்டுக்கொண்டார்கள்.

இந்த எண்களைச் சொல்லும்போது முகம் வாடும். வாடத்தான் செய்யும். ஆனாலும் மறைக்க எனக்கு மனம் வராது. இதய பலவீனத்தை மருத்துவர்கள் இதயச் செயலிழப்பு என்பார்கள்; அந்தச் சொல் இதயம் நின்றுபோவதைக் குறிக்கவில்லை, தசையின் பலம் குறைந்திருப்பதைக் குறிக்கிறது. அந்த நோய் கடுமையானது. கிளிப் அதன் போக்கைத் தாமதப்படுத்துகிறது, ஆஸ்பத்திரி நாட்களைக் குறைத்து வீட்டு நாட்களைக் கூட்டுகிறது. கருவியால் வந்த சிக்கலைப் பொறுத்தவரை, ஐந்து வருடத்தில் 293 பேரில் நான்கு பேருக்குத்தான். அந்த நான்கும் முதல் 30 நாட்களுக்குள்ளேயே வந்தன.

சாவித்துளை அறுவை செய்தால் வழக்கமான அறுவையைவிட நன்றாக இருக்குமா?

வால்வைப் பொறுத்தவரை இரண்டும் சமம். பிரிட்டனில் 330 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2023ல் வெளிவந்தது. இரண்டு முறையிலும் நூற்றுக்கு 96 பேருக்கு வால்வை மாற்றாமல் சரிசெய்ய முடிந்தது. 12 வாரத்தில் நடப்பது, ஏறுவது, தூக்குவது எல்லாவற்றிலும் இரு குழுவும் ஒரே நிலைக்கு வந்துவிட்டன. ஒரு வருட இறப்பு 2.4க்கும் 2.5 சதவீதத்துக்கும் உள்ள வேறுபாடுதான். சாவித்துளையின் லாபம் ஆரம்ப நாட்களில் தெரிவது: நான்கு நாளுக்குள் வீட்டுக்குப் போனவர்கள் 33 சதவீதம், மார்பெலும்பு திறந்தவர்களில் 15 சதவீதம்.

என் கருத்தைக் கேட்டால், கீறலின் நீளத்தைவிட அந்த நிபுணர் வால்வு சரிசெய்யும் வேலையை வருடத்துக்கு எத்தனை முறை செய்கிறார் என்பதைக் கேளுங்கள். தழும்பைச் சட்டை மறைத்துவிடும். அரைகுறையாகத் தைத்த வால்வை எதுவும் மறைக்காது.

முதல் சில நாட்கள் எப்படி இருக்கும்?

கிளிப் என்றால் பெரும்பாலோர் மறுநாளே எழுந்து நடக்கிறார்கள். பலர் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். தொடை இடுக்கில் வீக்கமும் கருநீலக் கன்றலும் ஒரு வாரம்வரை இருக்கும். மயக்க மருந்தாலும் தொண்டைக் கருவியாலும் ஓரிரு நாள் தொண்டை கரகரக்கும். குனிந்து கனம் தூக்குவதை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். சாவித்துளை அறுவைக்கு விலா வலி சில வாரம் பிடிக்கும். மூச்சை ஆழமாக இழுக்கத் தயங்காதீர்கள், வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சுவிட்டால் சளி கட்டும்.

மூச்சிரைப்பு எப்போது குறையும்?

சிலருக்கு அன்று இரவே. உட்கார்ந்தபடியே தூங்கிப் பழகிய ஒருவர், மூன்று தலையணையில் ஒன்றை எடுத்துவிட்டேன் என்று சொல்லும்போது எனக்கு எந்த அளவுகோலும் தேவைப்படுவதில்லை. மேலறையில் கட்டிக்கிடந்த அழுத்தம் கிளிப் மூடியதும் இறங்கிவிடுகிறது. நுரையீரலில் தேங்கிய நீர் வடிய வழி கிடைக்கிறது.

மூச்சுத் திணறல் விட்ட பிறகும் கால் வலுவிழந்து, சீக்கிரம் களைப்பது சில வாரம் தொடரும். மாதக்கணக்கில் நடக்காமல் இருந்த கால் தசை கரைந்திருக்கும். அதைக் கிளிப் சரிசெய்யாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டுங்கள். இதய நோயாளிகளுக்கான மேற்பார்வை உடற்பயிற்சிக்கு வாய்ப்பிருந்தால் விடாதீர்கள். மூன்று மாதம் ஆகியும் துளி மாற்றமும் இல்லை என்றால் மறுபடி எக்கோ பார்க்கவேண்டும். ரத்தசோகை, நுரையீரல், சீரற்ற துடிப்பு இவற்றையும் தேடவேண்டும்.

சிகிச்சைக்குப் பிறகு எக்கோவில் இஎஃப் குறைந்திருக்கிறது. இதயம் மோசமாகிவிட்டதா?

எக்கோ சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கண் கலங்கி நிற்பவர்களை இந்த எண்ணால்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். முன்பு 60 என்றிருந்தது இப்போது 50. கிளிப் போட்டது தப்போ என்று தோன்றிவிடுகிறது.

இஎஃப் என்பது ஒவ்வொரு துடிப்புக்கும் கீழறை தன்னிடம் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியேற்றுகிறது என்ற கணக்கு. எந்தப் பக்கம் வெளியேற்றியது என்று அந்த எண் சொல்லாது. கசிவு இருந்தபோது பாதி ரத்தம் பின்பக்கம், அழுத்தம் குறைவான மேலறைக்குள் சுலபமாகப் போய்க்கொண்டிருந்தது. அதையும் சேர்த்துத்தான் 60. அந்தக் குறுக்கு வழியை அடைத்ததும், இதயம் முழு ரத்தத்தையும் சரியான வழியில், உடலின் முழு அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளவேண்டியிருக்கிறது. எண் இறங்கும்; உடலுக்குப் போய்ச்சேரும் ரத்தம் கூடியிருக்கும். பெரும்பாலும் மறைந்திருந்த உண்மை நிலை வெளியே தெரிவதுதான் அது.

ஆனால் மிக அதிகமாகக் குறைந்தால், அல்லது மாதங்கள் கழித்தும் குறைந்துகொண்டே போனால் கவனிக்கவேண்டும். கசிவு கடுமையாக இருந்தும் நமக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களுக்கு இப்படி ஆவதைப் பார்க்கிறேன். அறிகுறி வரும்வரை காத்திருப்பது எல்லோருக்கும் பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம்.

இன்னும் லேசான கசிவு இருக்கிறது என்று சீட்டில் போட்டிருக்கிறது. முழுவதும் ஏன் அடைக்கவில்லை?

அடைக்க அடைக்க வாசல் குறுகும். மேலறையிலிருந்து கீழறைக்கு ரத்தம் இறங்கும் வழியும் அதே வாசல்தான். மேலும் ஒரு கிளிப் போட்டால் மிச்சக் கசிவும் போகலாம். ஆனால் ரத்தம் இறங்கவே கஷ்டப்படும், பழைய மூச்சிரைப்பு வேறு வழியில் திரும்பி வரும். அதனால்தான் எக்கோவில் வால்வின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாட்டைப் பார்ப்போம். சராசரி வேறுபாடு பாதரச அளவில் 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் தயங்குவோம். சீட்டில் கசிவு அளவோடு இந்த எண்ணும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். லேசான கசிவோடு நிறுத்தியது பெரும்பாலும் யோசித்து எடுத்த முடிவு.

என்னென்ன ஆபத்து வரலாம்?

தொடையில் ரத்தக்கசிவு, அடுத்ததாகக் கிளிப் ஒரு இதழை விட்டு மற்றதில் மட்டும் தொங்குவது, வால்வு குறுகுவது. அபூர்வமாகப் பக்கவாதம், இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டுவது, வால்வில் தொற்று. மேலே சொன்ன பதிவேட்டில் 30 நாளில் இறந்தவர்கள் 2.7 சதவீதம், பக்கவாதம் வந்தவர்கள் 1.2 சதவீதம். நடு வயது 82 என்பதை மறுபடி நினைவில் வையுங்கள். அறுவைக்குத் தகுதியில்லை, ஆபத்து அதிகம் என்று சொல்லப்பட்டவர்கள் பலர் அதில் உண்டு.

வால்வு சரியாகிவிட்டதே, மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. இதய பலவீனத்தால் வந்த கசிவு என்றால், கோஆப்டில் கிளிப்பின் பலன் மாத்திரைகளின் மேல் கூடுதலாகக் கிடைத்த பலன். மாத்திரையை விட்டுவிட்டால் அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. நீர் பிரியும் மாத்திரையின் அளவு குறையலாம், அதையும் மருத்துவர் குறைக்கவேண்டும். கிளிப்பின்மேல் ரத்தம் உறையாமல் இருக்கச் சில மாதங்களுக்கு ஒரு மருந்து தருவார்கள். சீரற்ற துடிப்பு உள்ளவர்களுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து நீண்டகாலம் தொடரும்.

கசிவு திரும்பி வந்தால்?

முதல் வருடத்துக்குள் என்றால் பெரும்பாலும் பிடிமானம் நழுவியிருக்கும். பிறகு என்றால் நோய் முன்னேறியிருக்கும். இடம் இருந்தால் இன்னொரு கிளிப் போடுவார்கள். அறுவையும் செய்யலாம், ஆனால் கிளிப்பைச் சுற்றி இதழில் திசு வளர்ந்துவிட்ட பிறகு பலருக்கு வால்வைத் தைத்துச் சரிசெய்ய முடியாமல் மாற்றவேண்டி வருகிறது. அறுவைக்குத் தகுதியுள்ள இளம் வயதினர் கிளிப்பை எளிய வழி என்று தேர்ந்தெடுக்கும் முன் இதை யோசிக்கவேண்டும்.

வலப்பக்க வால்வுக்கும் கிளிப் போடுகிறார்களாமே?

ஆம், மூவிதழ் வால்வுக்கு. அதற்கென்று வடிவமைத்த டிரைகிளிப் அமெரிக்காவில் 2024ல் அனுமதி பெற்றது. அதன் முக்கிய ஆய்வு 2023ல் வந்தது, 350 பேர். 30 நாளில் கசிவு மிதமான அளவுக்கோ கீழோ வந்தவர்கள் 87 சதவீதம். கிளிப் போடாதவர்களில் 4.8 சதவீதம். 100க்கு மதிப்பிடும் வாழ்க்கைத்தர அளவுகோலில் 12.3 புள்ளி ஏற்றம், மற்றவர்களுக்கு 0.6. ஆனால் ஒரு வருடத்தில் இறப்பிலோ ஆஸ்பத்திரிச் சேர்க்கையிலோ வேறுபாடு இல்லை.

யாருக்குக் கிளிப் போட்டது என்று நோயாளிகளுக்கே தெரியும், அந்த நம்பிக்கையும் புள்ளியைக் கூட்டியிருக்கலாம் என்று சில நிபுணர்கள் சொன்னார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கால் வீங்கி, வயிறு நீர் கோத்து, செருப்பு மாட்ட முடியாமல் வந்தவர் செருப்போடு நடந்து வருவதைப் பார்க்கும்போது, நன்றாக உணர்வதையே ஒரு பலனாக மதிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எம்ஆர்ஐ எடுக்கலாமா? பல் பிடுங்கலாமா?

எம்ஆர்ஐ எடுக்கலாம், கிளிப் போட்ட விவர அட்டையை முன்கூட்டியே காட்டுங்கள். விமான நிலையச் சோதனையிலும் தொந்தரவு இருக்காது. ஈறில் ரத்தம் வரும் பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் எடுக்கவேண்டும். வளையம் பொருத்தியவர்களுக்கும் அப்படித்தான். வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்வது அந்த மாத்திரையைவிடவும் முக்கியம், ஏனென்றால் பல்லிலிருந்து கிருமி தினமும் ரத்தத்துக்குள் போகலாம்.

எப்போது தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்?

தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன், எடை பார்த்து எழுதிவையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் அது சதை இல்லை, நீர், மருத்துவருக்குச் சொல்லுங்கள். படுத்தால் மூச்சு முட்டுவது திரும்பினாலும், கால் வீங்கினாலும் அன்றே சொல்லுங்கள். திடீரென்று பேசமுடியாத அளவு மூச்சு வாங்கினால், முகம் ஒரு பக்கம் கோணினால், கை கால் ஒரு பக்கம் விழுந்தால், தொடையில் வீக்கம் கண் முன்னே பெரிதானால் ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். காரணம் தெரியாத காய்ச்சல் நின்று நின்று வந்தால், வீட்டில் மீதமிருக்கும் ஆன்டிபயாடிக்கைத் தொடாதீர்கள். ரத்தத்தை முதலில் கல்ச்சருக்கு எடுக்கவேண்டும். முன்பே மாத்திரை போட்டுவிட்டால் வால்வில் எந்தக் கிருமி உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது கடினமாகிவிடும்.